லாப்ரடார் நாய் வளர்க்கிறீர்களா, அதற்கு மொட்டை மட்டும் அடிக்காதீர்கள்
ஏப்ரல் பிறந்தால் போதும், "பாவம், இவ்வளவு முடியோடு எப்படி இருக்கும், மொட்டை அடித்துவிடுங்களேன்" என்று சொல்ல எங்கிருந்தாவது ஒருவர் வந்துவிடுவார். வேண்டாம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் எல்லாம் இரண்டு அடுக்கு முடி உள்ள நாய்கள். மேலே முரட்டு முடி, அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு. வீட்டில் பறப்பது பெரும்பாலும் அந்த அடி முடிதான். மொட்டை அடித்தால் கொட்டுவது நிற்காது, குட்டை குட்டையாகக் கொட்டும், அது சோபா துணியில் குத்திக்கொண்டு நின்றால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தோலில் வெயிலும் நேராகப் படும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடுவதும் உண்டு.

குளிர் நாடுகளில் பகல் நேரம் கூடிக் குறைவதை ஒட்டி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நாய் முடி மொத்தமாகக் கொட்டும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான், போதாததற்கு ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட் வேறு. எங்கள் நாய் பிரவுனிக்கு எல்லா மாதமும் சீசன்தான்.

அதனால் கொட்டுவதற்கு முன்னாடியே நாமே எடுத்துவிட வேண்டும், வேறு வழி கிடையாது. ஸ்பிரே, பவுடர் என்று விற்பதை எல்லாம் நான் நம்புவதில்லை. வாரத்துக்கு மூன்று நாலு தடவை, பால்கனியில், ஃபேன் இல்லாத இடத்தில். முதலில் ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தால் உதிரி முடி மேலே வரும், அப்புறம் நீளப் பல் வைத்த சீப்பால் (ரேக் என்பார்கள்) முடி போகும் திசையிலேயே வாரினால் அடி முடி கொத்துக் கொத்தாக வரும். தொடையின் பின்பக்கம், கழுத்து, வால் அடி, இங்கேதான் அதிகம் தேங்கியிருக்கும். பிளேடு வைத்த பிரஷ்ஷை அழுத்தி இழுத்தால் நல்ல மேல் முடியும் அறுந்து போகும், கை கொஞ்சம் லேசாக இருக்கட்டும். வாரும்போதே காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவை வாருங்கள். மாதம் ஒரு குளியல் போதும், நாய் ஷாம்பூ மட்டும். நம் தோலை விட அதன் தோலுக்கு அமிலத்தன்மை குறைவு, நம் ஷாம்பூ போட்டால் வறண்டு இன்னும் கொட்டும். அடி முடி ஈரமாகவே இருந்தாலும் தோல் புண்ணாகும், துண்டால் துடைத்ததோடு விட்டுவிடாதீர்கள்.

தரையை முதலில் ஈரத் துணியால் துடைக்காதீர்கள், முடி ஒட்டிக்கொண்டு இழுபடும். காய்ந்த தரையிலேயே கூட்டி அள்ளுங்கள். சோபாவுக்கு ரப்பர் கையுறையை லேசாக நனைத்துத் தடவினால் உருண்டு திரண்டு வந்துவிடும்.

இவ்வளவும் சாதாரணமாகக் கொட்டும் முடிக்குத்தான். சொட்டை விழுகிறது, ஓயாமல் சொறிகிறது, தோலில் நாற்றம் வருகிறது என்றால் அது சொறியாக இருக்கலாம், தைராய்டாகக்கூட இருக்கலாம். பிரஷ்ஷை வைத்துவிட்டு கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.