வாயால் சொன்ன கதையை எழுத உட்கார்ந்தால்

நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குச் சொந்த அனுபவத்தை எழுதுவது சுலபம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நம்பித்தான் நானும் இறங்கினேன். நாலு பேர் கூடியிருக்கும்போது பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டால் சிரிக்க வைப்பேன், கொஞ்சம் முயன்றால் கண் கலங்கவும் வைப்பேன். அதே கதையை எழுதினால் அரைப் பக்கத்தில் தீர்ந்துவிடுகிறது, அதுவும் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் மாதிரி: இன்ன நாள், இன்ன இடம், இன்னார் வந்தார், இன்னது சொன்னார்.

பேசும்போது பாதி வேலையைக் கேட்கிறவர் செய்துவிடுகிறார். அவர் முகம் சோர்ந்தால் கதையைச் சுருக்குகிறோம், 'அப்புறம்?' என்றால் இழுக்கிறோம், அத்தை எப்படி இழுத்து இழுத்துப் பேசுவார் என்று நடித்துக் காட்டுகிறோம், சொல் கிடைக்காத இடத்தைக் கை பார்த்துக்கொள்கிறது. எழுத்தில் இந்த வசதி ஒன்றுமே இல்லை. என் அத்தை யார் என்றே தெரியாத, என்மேல் எந்தப் பிரியமும் வைக்கத் தேவையில்லாத, எந்த நொடியும் எழுந்து போய்விடக்கூடிய ஒருவருக்கு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்ல வேண்டும்.

இதற்கு முதலில் கைக்கு வருகிற மருந்து அலங்காரம். கதை செத்துக் கிடக்கிறதே என்று 'சொல்லொணாத் துயரம்' சேர்ப்போம், 'இதயம் சுக்குநூறாக நொறுங்கியது' சேர்ப்போம். என் பழைய குறிப்பேடுகளில் கண்கள் குளமாகாத பக்கத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அழுதது பொய்யில்லை, நிஜமாகவே அழுதிருக்கிறேன். ஆனால் அந்தச் சொற்கள் யார் அழுகைக்கும் பொருந்தும். அழுவது தெரியக்கூடாது என்று குனிந்து செருப்பு வாரைக் கழற்றி மாட்டி, திரும்பக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதும்போதுதான் அது என்னுடைய அழுகை ஆகிறது. இவ்வளவு சின்ன விஷயம் பிடிபட எனக்கு ஏகப்பட்ட காலம் ஆயிற்று, ஏனென்றால் செருப்பு வாரைப் பற்றி எழுதுவது அந்த வயதில் எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பேன். அங்கே நம்மை எழுதச் சொன்ன ஒரே தன்வரலாறு குடையுடையதாகவோ பழைய நாற்காலியுடையதாகவோ இருக்கும். குடைக்கு மனக்குறை உண்டு, லட்சியம் உண்டு, கடைசிப் பத்தியில் உலகத்துக்கு அறிவுரையும் உண்டு. அந்தக் குடை என்னைவிட்டு இன்னும் போகவில்லை. எதை எழுதினாலும் கடைசியில் வந்து உட்கார்ந்து நாலு நல்ல வார்த்தை சொல்லப் பார்க்கும். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அது இல்லாமலே கட்டுரை நிற்கும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சங்கடம், அம்மா. பேச்சில் 'அம்மா சொன்னா', அல்லது 'சொன்னாங்க'. எழுத்தில் 'சொன்னாள்' என்பதா 'சொன்னார்' என்பதா? ஒரு கட்டுரை முழுக்க 'ஆர்' போட்டு எழுதினேன். அம்மா ஏதோ பேட்டி கொடுக்கிற பிரமுகர் மாதிரி ஆகிவிட்டார். எங்கள் இருவருக்கும் நடந்த பெரிய சண்டைகூட அந்த மரியாதையில் குளிர்ந்துபோய்ப் பேச்சுவார்த்தை மாதிரி வாசித்தது. எல்லாவற்றையும் 'ஆள்' ஆக்கினேன், உடனே அவள் அன்றைக்குக் கத்தியதெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. ஆனால் பிற்பாடு நடந்தவற்றுக்கு, நான் வளர்ந்து எங்களுக்கு நடுவில் ஒரு தூரம் வந்துவிட்ட காலத்துக்கு, 'ஆள்' ஒட்டவில்லை. கடைசியில் சின்ன வயதுப் பகுதிகளில் 'ஆள்', பிற்பகுதியில் 'ஆர்' என்று வைத்தேன். இலக்கணம் பார்க்கிறவர்கள் திட்டலாம். எனக்கு எழுத வந்தது, அது போதும். 'நான்' கதையும் இதே மாதிரிதான். 'போனேன்', 'பார்த்தேன்' என்றாலே போனது யார் என்று தெரிந்துவிடுகிற மொழியில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான்' எதற்கு? சும்மா எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

சரி, இதெல்லாம் கையின் கோளாறு, பழகினால் சரியாகும். எனக்குப் பெரிய தொந்தரவு வேறு இடத்திலிருந்து வந்தது: பல வருடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருக்கிற கதைகளிடமிருந்து.

என்னிடம் அப்படி ஒரு கதை உண்டு. சின்ன வயதில் பேச்சுப் போட்டி மேடையில் ஏறி, வணக்கம் சொல்லி, அடுத்த வரி மறந்துபோய், திரும்ப வணக்கம் சொல்லி, மூன்றாவது தடவையும் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி ஓடிய கதை. எந்தக் கூட்டத்திலும் எடுபடும். எங்கே நிறுத்த வேண்டும், எந்த வணக்கத்துக்குக் குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதை எழுதலாம் என்று உட்கார்ந்தால் மேடையைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. மேடை எவ்வளவு உயரம், எதிரில் யார் இருந்தார்கள், ஓடிப்போய் எங்கே நின்றேன், எதுவும் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏய், அது நான். நீ அம்மா மடியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த" என்றாள்.

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் போட்டிருந்த சட்டை, இறங்கும்போது இடித்த மேசை, பின்னால் நின்ற ஆசிரியை கையைப் பிடித்தது என்று வரிசையாகச் சொன்னாள். என்னிடம் மூன்று வணக்கமும் ஒரு பயமும் மட்டும் இருந்தன. ஆனால் அந்தப் பயம் தொண்டையில் ஏறுவது இப்போதுகூட எனக்கு உடம்பில் தெரிகிறது, அதை எப்படி அவளுடையது என்று விட்டுக்கொடுப்பது?

இது எங்கள் வீட்டு விநோதம் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் என்ற மூன்று உளவியலாளர்கள் இரட்டையர்களிடம் இதை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே சம்பவத்தை 'எனக்குத்தான் நடந்தது' என்று இருவருமே உறுதியாகச் சொல்கிற ஜோடிகள் அதில் நிறைய. நினைவு இப்படித்தான் என்று ஆறுதல் அடையலாம் என்றால் இன்னொரு ஆய்வு வந்து அதையும் கெடுக்கிறது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார் அல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். ஏறத்தாழ இரண்டரை வருடம் கழித்து அவர்களில் சிலரிடம் அதே கேள்விகளை அவரும் நிக்கோல் ஹார்ஷும் திரும்பக் கேட்டார்கள். கால்வாசிப் பேருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. உறுதிக்கோ குறைவே இல்லை. அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளையே எடுத்துக் காட்டியும் நினைவு திரும்பவில்லையாம். சொந்த அனுபவம் எழுதுகிறவர்களைக் கதி கலங்க வைக்க இந்த ஒரு தாள் போதும்.

என்னையும் கொஞ்ச நாள் கலங்கத்தான் வைத்தது. நிச்சயமில்லாததை எழுதி என்ன பயன் என்று மூட்டை கட்டி வைத்தேன். திரும்ப எடுத்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்த கதையைவிட, ஒரே பயத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிற கதை எவ்வளவோ பெரியது. மடியில் இருந்த குழந்தைக்கு, மேடையில் நின்ற அக்காவின் பயம் அவ்வளவு ஆழமாகத் தொற்றியிருக்கிறது என்றால் எங்களுக்குள் என்ன இருந்தது? கூட்டத்தில் சொல்லும்போது இந்தக் கேள்வி வரவே வராது. வந்தால் சிரிப்பு கெட்டுவிடும்.

அதற்குப் பிறகு, எந்தக் கதை ரொம்ப நன்றாக வாயில் வருகிறதோ அதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். எழுதுவதற்கு முன் அந்த வீட்டையோ அறையையோ ஒரு தாளில் கோடு போட்டுப் பார்ப்பேன்: கதவு எந்தப் பக்கம், யார் எங்கே படுப்பார்கள், விளக்கு எங்கே. படம் எனக்கு வராது, கோணல் மாணலாகத்தான் இருக்கும். ஆனால் கதவை வரைந்ததும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பை ஞாபகத்துக்கு வரும், பையோடு அதை மாட்டியவரும் வருவார். எவ்வளவு தோண்டியும் வராததை 'நினைவில்லை' என்று அப்படியே எழுதிவிடுகிறேன். உரையாடல்களில் ரொம்பக் கஞ்சம். முப்பது வருடத்துக்கு முந்தைய பேச்சு முழுசாக யாருக்கும் ஞாபகம் இருக்காது. காதில் இன்னும் ஒலிக்கிற ஒரு வரியை மட்டும் மேற்கோளில் வைத்து, மற்றதை 'அந்த அர்த்தத்தில் ஏதோ சொன்னார்' என்று கடந்துவிடுவது எனக்கு ஒத்துவருகிறது. பக்கம் பக்கமாக வசனம் ஓடுகிற தன்வரலாறுகளைப் படிக்கும்போது எனக்கு இப்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். அவ்வளவு சுலபமாக ஆகாது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், தங்கள் வாழ்க்கையின் மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றி மனத்தில் இருந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது என்பதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, அதைச் சொல்வார் இல்லை. பிற்பாடு அந்த மாதிரி எழுத்துகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்தபோது, நாளுக்கு நாள் 'நான்' குறைந்து மற்றவர்கள் வருவதும், பிறகு மாறி 'நான்' கூடுவதுமாக மாற்றி மாற்றி எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது என்று 2003-இல் பென்னபேக்கர் ஷெர்லாக் கேம்பெல் என்பவரோடு சேர்ந்து எழுதினார். என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சூட்டோடு எழுதியபோதெல்லாம் என் கட்டுரையில் ஒரு வில்லனும் ஒரு நிரபராதியும் மட்டும் இருந்தார்கள், நிரபராதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சும்மா பயிற்சிக்காக அந்த வில்லன் பக்கத்திலிருந்து அதே நாளை ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவரை மன்னிக்கவெல்லாம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவருக்கும் ஒரு காலை இருந்திருக்கும், ஏதோ ஒரு தொல்லையிலிருந்து வந்து என்னிடம் கத்தியிருப்பார் என்று எழுதியதும் காட்சியில் இரண்டு மனிதர்கள் நின்றார்கள்.

மற்றவர்களை எழுதாமல் தன்னை எழுதவே முடியாது போல. உ.வே.சா. 1855-இல் பிறந்தவர், எண்பதைக் கடந்த பிறகு 1940-இல்தான் தன் சரித்திரத்தை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942-இல் அவர் மறைந்தபோது அது முடிந்திருக்கவில்லை. 'என் சரித்திரம்' என்று பெயர் வைத்துவிட்டு அதில் எவ்வளவு இடத்தைத் தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார் என்று பார்த்தால் எனக்குத் தெம்பு வருகிறது. ஆசிரியர் எதிரில் உட்கார்ந்திருக்கிற பையனாகத்தான் அவரை நமக்கு நன்றாகத் தெரிகிறது.

ஆனால் அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. என் கதையில் வருகிறவர்கள் யாரும் அதில் வருவதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை. பெயரை மாற்றினால் போதும் என்பார்கள், குடும்பத்துக்குள் அது யாரையும் ஏமாற்றாது. எனக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொருவர் நோயையோ கடனையோ திருமணத்தையோ, அவர் அந்த இடத்தில் நின்றதற்காக மட்டும் தூக்கிக் கொடுக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இதற்கு நான் வைத்திருக்கிற ஏற்பாடு அரைகுறையானதுதான்: உயிரோடு இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே படிக்கக் கொடுக்கிறேன், தகவல் தவறு என்றால் திருத்துகிறேன், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் கேட்டுக்கொண்டு யோசிக்கிறேன், சில சமயம் விட்டுவிடுகிறேன். இறந்தவர்கள் விஷயத்தில் என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. அவர்களால் மறுத்துப் பேச முடியாது என்பதாலேயே அவர்களைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, தயங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மேடைக் கதையை அக்காவிடம் காட்டியபோது அவள் பெரிதாகக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் தரப்பையும் எழுதியிருந்ததில் அவள் பக்கம் சுருக்கமாக இருக்கிறது என்றாள், நியாயம்தான். அப்படியென்றால் உன் பங்கை நீயே எழுது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று ஒரு பக்கம் அனுப்பினாள். 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்' என்று தலைப்பு வைத்திருக்கிறாள், முதல் பத்தியிலேயே கண்கள் குளமாகிவிட்டன, சட்டையும் மேசையும் எங்கே போயின என்று தெரியவில்லை. இன்று இரவு போன் போட்டுக் கேட்க வேண்டும்.