வான்குண்டு வீச்சு: மெயின்ஸுக்கு நான் படித்த விதம்

யூபிஎஸ்சி மெயின்ஸில் வரலாறு விருப்பப் பாடம் எடுத்தவர்கள் இரண்டாம் உலகப் போரை எப்படியும் படித்துவிடுவார்கள். விமானக் குண்டுவீச்சு என்று வந்தால் மட்டும் குவெர்னிகா, டிரெஸ்டன், ஹிரோஷிமா என ஊர்ப் பெயர்களோடு நின்றுவிடுகிறது. நான் அந்தப் பகுதியை ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன்: போட்ட குண்டு குறியில் விழுந்ததா?

தொடக்கத்துக்கு இரண்டு வரி போதும். 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி கையாலேயே குண்டுகளை எறிந்தார். 1921-ல் இன்னொரு இத்தாலியரான ஜூலியோ டூஹே, நகரங்களைத் தாக்கினால் மக்கள் மனமுடைந்து போர் சீக்கிரம் முடியும் என்று வாதிட்டார். இந்த வாதத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் செலவிட வேண்டிய இடம், பட் என்ற பிரிட்டிஷ் அரசு அதிகாரி தயாரித்து 1941 ஆகஸ்டில் வந்த ‘பட் அறிக்கை’. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன பிரிட்டிஷ் விமானங்கள் எடுத்த படங்களை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைலுக்குள் போயிருந்தது. பகலில் போனால் ஜெர்மானியர் சுட்டு வீழ்த்தினார்கள். இரவில் தொழிற்சாலை கண்ணுக்கே தெரியவில்லை. சரி, ஊரையே இலக்காக்கிவிடலாம் என்ற முடிவு 1942 பிப்ரவரி 14 உத்தரவில் வந்தது. எல்லாவற்றையும் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஹாரிஸ் தலையில் கட்டி எழுதாதீர்கள். அவர் பொறுப்பேற்றதே அதற்குச் சில நாள் கழித்துத்தான்.

இதே கதை ஜப்பானிலும் நடந்தது. உயரத்திலிருந்து குறிபார்த்து வீசியது பலிக்காததால், அமெரிக்கத் தளபதி லெமே 1945 மார்ச் 9-10 இரவில் பி-29 குண்டுவீச்சு விமானங்களைத் தாழப் பறக்கவிட்டு டோக்கியோவில் தீக்குண்டுகளைக் கொட்டினார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் பதிலுக்குத் தனிக் கனம் வரும்.

அப்புறம், ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று கேட்டால் டூஹேயிடம் திரும்புங்கள். இவ்வளவு குண்டு விழுந்தும் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டே போனது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் முதல் எண்ணெய் ஆலைகளைக் குறிவைத்ததும் அவர்களின் விமான எரிபொருள் மளமளவெனச் சரிந்தது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

போருக்குப் பிந்தைய காலத்துக்கு ஓர் உதாரணம் போதும்: வியட்நாமின் தான் ஹோவா பாலம். 1965 முதல் எத்தனையோ அமெரிக்கத் தாக்குதல்களுக்கு அசையாமல் நின்ற அது, 1972-ல் லேசர் வழிகாட்டும் குண்டுகளுக்குச் சாய்ந்தது. அணுகுண்டுக்குத் தனிக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கொண்டுவந்தால் மற்ற எதற்கும் இடம் மிஞ்சாது.