மண்வெட்டியை ஓரமா வைங்க

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் வளர்ந்தவனுக்குப் பழங்காலக் கோயில் இடிபாடுகள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு தூரமில்லை. பள்ளிக்காலத்தில் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போய், புக்கிட் பத்து பகாட் சண்டி என்ற பழங்கோயிலின் கருங்கல் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதோடு சரி. செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டிவந்ததைக்கூடச் செய்தியில் பார்த்ததுதான்.

போன வருடம் எங்கள் வட்டாரத்தில் ஆர்வலர்களுக்கு ஐந்து நாள் அகழாய்வுப் பயிற்சி என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். விண்ணப்பம் இரண்டு முறை காணாமல் போனது. மூன்றாம் முறை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த திமிரில் மண்வெட்டியோடு போய் நின்றேன். "அண்ணே, அதை ஓரமா வைங்க" என்று பயிற்சி கொடுத்த தங்கச்சி ஒரு கொத்தனார் கரண்டியை நீட்டினாள். ஒரு மீட்டர் சதுரம், நான்கு பக்கமும் கயிறு. தோண்டக் கூடாதாம், சுரண்ட வேண்டுமாம். அதுவும் நம்மை நோக்கி, தோல் சீவுவது போல. முதல் நாள் முழுக்க இரண்டு விரல்கடை ஆழம்தான் இறங்கினேன். முதுகு விட்டுப்போனது. மண்ணின் நிறம் மாறினால் உடனே நிறுத்தி, அளந்து, அளவுகோலும் வடக்குக் காட்டும் அம்பும் வைத்துப் படம் எடுக்க வேண்டும். அள்ளிய மண்ணையும் கொட்டிவிட முடியாது, சலிக்க வேண்டும். கரித்துண்டு கிடைத்தால் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் பொதிய வேண்டும். நம் கை அழுக்கு பட்டால் காலக்கணிப்பு கெட்டுப்போகலாம். கிடைத்த பொருளோடு வைக்கும் சீட்டுகளைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். மை ஈரத்தில் கரைந்துவிடும். மத்தியானம் மழை இறங்கினால் குழியைத் தார்ப்பாயால் மூடிவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கிடைத்த ஓட்டுத் துண்டுகளைக் கழுவ வேண்டியதுதான்.

ஐந்து நாளில் பாதி கழுவுவதிலும் எண் போடுவதிலும் போனது. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரம் (இந்தக் கெடாதான்) வென்றதை மேடையில் முழங்க நம்மிடம் ஆள் நிறைய உண்டு. பழைய பல்துலக்கியால் செங்கல் தேய்க்க வந்த தமிழர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர்.

நான்காம் நாள் என் சதுரத்தில் சுட்ட மண்குழாய்த் துண்டு ஒன்று தலைகாட்டியது. இரும்பு உருக்கும் உலைக்குள் துருத்திக் காற்றைச் செலுத்தும் குழாய். பக்கத்திலேயே கறுத்த இரும்புக் கசடு. குழாயின் ஒரு முனை சூட்டில் கண்ணாடி போல உருகி நின்றதைப் பார்த்ததும் முதுகுவலி மறந்துபோனது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். நாற்பது வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இதுவா? தோட்டத்து லயத்து வீட்டுல கோழிக்கூண்டு சாயாம இருக்க இதைத்தானே அண்டை கொடுத்தோம்" என்றார். 2005 மரபுடைமைச் சட்டப்படி இப்படி எதையாவது கண்டெடுத்தால் மாவட்ட அதிகாரியிடமாவது சொல்ல வேண்டும் என்று விளக்கினேன்.

"சொல்லலாம்தான். அந்த லயத்தையே இடிச்சிட்டானுங்களே."