டெக்சாஸின் கடைசி ஜனாதிபதி
டெக்சாஸ் ஒரு காலத்துல தனி நாடா இருந்துச்சு, அதோட கடைசி ஜனாதிபதி ஒரு டாக்டர்ங்கிறது நெறைய பேருக்கு தெரியாது. ஆன்சன் ஜோன்ஸ். 1798ல மாசசூசெட்ஸ்ல பொறந்தவர், தொழில்ல அடி மேல அடி, கடன் தொல்லை, வெனிசுவேலா வரைக்கும் போயிட்டு வந்து 1827ல பிலடெல்பியால டாக்டர் பட்டம் வாங்கி, கடைசியா 1833ல டெக்சாஸ் வந்து பிரசோரியாங்கிற ஊர்ல தான் பிராக்டிஸ் சூடு பிடிச்சுது.

1836ல மெக்சிகோகிட்ட இருந்து டெக்சாஸுக்கு விடுதலை வாங்கிக் குடுத்த சான் ஜசின்டோ சண்டைல ரெஜிமென்ட் சர்ஜனா இருந்தும் சாதா சிப்பாயாவே இருப்பேன்னு நின்னாரு, எனக்கு அவர்கிட்ட ரொம்ப புடிச்சதே அதுதான்.

1844 டிசம்பர்ல ஜனாதிபதி. அமெரிக்காவோட சேரணுமா இல்ல மெக்சிகோ அங்கீகாரத்தோட தனியாவே இருக்கணுமான்னு ரெண்டு வழியையும் மக்கள் முன்னாடி வெச்சாரு, ஆனா ஜனங்க சேர்றதுல வெறியா இருந்தாங்க, இவரோட உருவபொம்மைய எரிச்சாங்க. 1846 பிப்ரவரி 19, ஆஸ்டின்ல கொடி இறங்குறப்ப டெக்சாஸ் குடியரசு இனி இல்லைன்னு சொன்னதும் இவர்தான்.

அமெரிக்க செனட்டுக்கு தன்னை அனுப்புவாங்கன்னு நம்புனாரு, இவருக்கு முன்னாடி ஜனாதிபதியா இருந்த சாம் ஹூஸ்டனையும் தாமஸ் ரஸ்குங்கிற இன்னொரு டெக்சாஸ் தலைவரையும் அனுப்புனாங்க. 1857ல திரும்ப எதிர்பார்த்தாரு, ஒரு ஓட்டு கூட விழல. 1858 ஜனவரில ஹூஸ்டன் நகரத்துல, ஒரு காலத்துல குடியரசோட சட்டசபை கட்டிடமா இருந்து அப்புறம் ஓட்டலா மாறுன எடத்துல, தன் உயிர தானே முடிச்சுக்கிட்டாரு. நேத்து ராத்திரி இத படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல.