காதர்பேட்டையில் என் முதலாளி

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஏற்றுமதிக்கு என் யூனிட்டில் தைத்து நிராகரிக்கப்பட்ட ஆறாயிரம் டி-சர்ட்டுகளுக்கு மாதிரியாக ஆறு உருப்படிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காதர்பேட்டைக்குப் போனேன். திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில், கப்பல் ஏறாமல் நின்றுபோன சரக்குகள் கைமாறுவது ஊரறிந்த விஷயம். வாங்க வருகிறவர்களுக்கு அங்கே கொண்டாட்டம். விற்க வருகிறவன் எவ்வளவு பெரிய கம்பெனிக்காரனாக இருந்தாலும் அன்று தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

இரண்டு கடைகளில் கேட்ட விலை தையல் கூலிக்குக்கூடக் காணாது. மூன்றாவது கடைக்காரர், "பெரியவர் ஒரு பார்வ பார்க்கட்டுங்க" என்று உட்புறம் கை காட்டினார். மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. டி-சர்ட்டை வாங்கி, அடிமடிப்பைத் திருப்பி, துணியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து இரண்டு முறை மெல்ல உருட்டினார். பிறகு ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நூத்தி எழுவதுக்கு உள்ளதான் நிக்கும். ஆர்டர் எவ்வளவுக்கு, நூத்தி எம்பதுக்கா?" என்று கேட்டார். ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைத்தான் சொன்னார். அந்த ஆட்காட்டி விரலின் நடுக்கணுவில் கட்டிங் மிஷின் கத்தி கிழித்த பழைய தழும்பு இருந்தது. "மொதலாளி" என்று என்னையறியாமல் அழைத்துவிட்டேன். தன்னைத்தான் அழைக்கிறேன் என்று எண்ணிக் கடைக்காரர் திரும்பினார்.

பதிமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன். 2003-இல் பி.காம். முடித்த கையோடு, பனியன் துணியின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றுகூடத் தெரியாமல் அவருடைய கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு ஓவர்லாக், நான்கு பேட்லாக் தையல் மிஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், இவ்வளவுதான் அவருடைய சொத்து. சேர்ந்த முதல் வாரத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது பீஸ் வெயிட் கணக்கு. உடல் நீளம் 72, கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆகக் கூட்டினால் 104 சென்டிமீட்டர். அதை மார்பகலம் 52-உடன் தையலுக்கு 3 சேர்த்த 55-ஆல் பெருக்கி, முன்னும் பின்னுமாக இரண்டால் பெருக்கி, ஜி.எஸ்.எம். 180-ஆல் பெருக்கி, பத்தாயிரத்தால் வகுத்தால் ஒரு உருப்படிக்கு ஏறக்குறைய 206 கிராம் துணி வரும். அதன்மேல் வேஸ்டேஜ், அதாவது வேலையில் வீணாகும் துணிக்கான கணக்கைப் போட வேண்டும். அந்த வேஸ்டேஜ் வரியை மட்டும் அவர் எப்போதும் தன் கையால்தான் எழுதுவார், என்னிடம் விடமாட்டார். விலை பேசும்போது லாபத்தைக் குறைத்தாலும் குறைப்பாரே தவிர, துணியில் கை வைக்க மாட்டார்.

2005 ஜனவரியில் ஒரு நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு கட்டிய, உலக ஜவுளி வணிகத்தின் கோட்டா முறை முடிவுக்கு வந்த பிறகு ஆர்டர்கள் பெருகின. நாங்களும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினோம். 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில், திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயத்துக்குப் போன எங்கள் துணி பாதியில் நின்றது. லூதியானாவுக்கு லாரியில் அனுப்பிப் பார்த்தார். நிறம் ஒத்துவரவில்லை, நாளும் கடந்துவிட்டது. அப்போதும் அவர் தீர்ப்பைக் குறை கூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம். சாயக் கழிவு தேங்கிய அந்த அணையைச் சுற்றிய கிணறுகளில் தண்ணீர் என்ன ஆயிற்று என்பதை அவர் வாயில் ஊற்றிப் பார்த்தவர். "அவங்க வயிறு எரிஞ்சது நமக்குத் தெரியாதா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அந்த மார்ச் மாதத்தில்தான் நான் அவரை விட்டுப் போனேன். வெளிநாட்டு பிராண்டுகளுக்காக இங்கே ஆர்டர் கொடுத்து வாங்கும் ஒரு பையிங் ஆபீஸில் வேலை கிடைத்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், சாவிக்கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். எல்லா மிஷின்களையும் விற்று, கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் அத்தனை பேருக்கும் சம்பளம் போட்டுவிட்டுத்தான் அவர் ஷட்டரை இறக்கினார் என்று செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா பிறகு சொன்னார். அதைக் கேட்ட பின் அவர் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

கடையில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த வாரச் சம்பளத்துக்கு வெச்சிருக்கியா?" என்பதுதான். இருக்கிறது என்றேன். அதன் பிறகே சரக்கைப் பற்றிப் பேசினார். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஜி.எஸ்.எம். ஐந்து சதவீதம் வரை முன்பின் இருந்தால் ஆர்டர் கொடுத்தவர்கள் ஏற்பார்கள், அதாவது 171 வரை தாங்கும் என்று கணக்குப் போட்டு, 172-க்கே நிட்டிங் கொடுத்தேன். உருப்படிக்கு ஒன்பது கிராம், ஆறாயிரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோ மிச்சம். துணி, சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங் முடிந்து வந்தபோது 168-இல் நின்றது. அவர் திட்டவில்லை. "அந்த அஞ்சு நிட்டிங், சாயக்காரங்களுக்குச் சொன்னது. நீ எதுக்கு எடுத்துக்கிட்டே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு ஒரு மணி நேரம் எனக்காக உட்கார்ந்து வழி சொன்னார். மொத்தமாகத் தள்ளிவிடாதே, எக்ஸ்எல்லையும் டபுள் எக்ஸ்எல்லையும் தனியாகப் பிரி, அவை முதலில் போகும், பிராண்ட் லேபிளை வெட்டி எடுக்காமல் ஒரு உருப்படியும் வெளியே போகக்கூடாது, மறுபடி அயர்ன் செய்து பத்துப் பத்தாகக் கட்டு. கடை அவருடைய அக்கா மகனுடையது என்பதும், சரக்கு மதிப்பிட மட்டும் மதியங்களில் வந்து அமர்கிறார் என்பதும் இடையில் தெரிந்தது. கமிஷன் பற்றிப் பேச்செடுத்தபோது கையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், எடை பார்க்கத் துணியை வட்டமாக வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டரின் நினைவு வந்தது. 2011-இல் கிளம்பிய நாளில் என் பையிலேயே தங்கிவிட்ட, மரப்பெட்டியோடு கூடிய அவருடைய வட்டக் கட்டரைத்தான் என் யூனிட்டில் இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாத ஆண்டு இல்லை, கொடுத்த ஆண்டும் இல்லை.

வியாழக்கிழமை அதை எடுத்துப்போய் அவர் முன் வைத்து, அன்று சொல்லாமல் போனதற்கு மன்னித்துவிடச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து, என் டி-சர்ட் ஒன்றை ரப்பர் பலகை மேல் விரித்து, கட்டரை வைத்து அழுத்தித் திருகினார். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் ஓரத்தில் கொஞ்சம் இழை பிசிறி வந்தது. தராசில் 1.68 கிராம் காட்டியது, சதுர மீட்டருக்கு அதே 168. "பிளேடு மழுங்கிப்போச்சு. மாத்தவே இல்லையா?" என்றார். ஒருமுறை மாற்றினேன் என்றேன்.

அவர் கட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். என்னிடமே திருப்பித் தருவார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "இது என்னுதுதான கண்ணு, இங்கயே இருக்கட்டும். நீ ஒண்ணு புதுசு வாங்கிக்கோ" என்று சொல்லி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். அடுத்த ஆர்டரின் விலைக் கணக்கான காஸ்டிங் ஷீட்டை, வேஸ்டேஜ் வரியை எழுதாமல், திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.