எடையா, பேட்டரியா?

தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியைச் செய்துகொண்டிருக்கிறோம். அவர்கள் கீழே விழுந்தால் பிள்ளைகளின் போனுக்கு அதுவே தகவல் அனுப்பும். நான் மெக்கானிக்கல் டிசைன் பார்க்கிறவள். எனக்கு எடை குறைய வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் பார்ப்பவருக்குப் பெரிய பேட்டரி வேண்டும். விற்பனைப் பிரிவுக்கு ஒரு தேதி வேண்டும்.

முதல் மீட்டிங்கிலேயே சமாதானமாகிவிட்டோம். ஏழு நாள் சார்ஜ் கேட்டவர் மூன்று நாளுக்கு இறங்கினார், 25 கிராம் கேட்ட நான் 45-க்கு ஏறினேன். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த நிம்மதியோடு எழுந்து போனோம். அந்த நிம்மதிதான் தப்பு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். ஏழு நாள் என்பதும் 25 கிராம் என்பதும் அப்போது எங்கள் ஊகங்கள். இரண்டு ஊகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பதும் ஊகம்தான்.

பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, அதில் குறிப்பதுபோலச் செய்து பார்ப்பார். அதை நினைத்துக்கொண்டு ஒரு மாலை நான் ஃபோமை அறுத்து, உள்ளே இரும்பு வாஷர்களை வைத்து ஒட்டி, எடை பார்த்து இரண்டு மாடல் செய்தேன். ஒன்று 24 கிராம், மற்றது 60. நடுவில் ஒன்று வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டேன்.

குழுவில் ஒருவருடைய பாட்டி அவற்றை வாரத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டார். கனமானதை முதல் இரவே கழற்றிவிட்டார். "தூங்கும்போது கழுத்துல உறுத்துதும்மா, மேஜை மேல வெச்சுட்டேன்" என்றார். இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போகிற நேரத்தில் கருவி மேஜையில் கிடந்தால் அதைச் செய்தே பயனில்லை. லேசானதை அவர் கழற்றவில்லை. ஆனால் அதற்குள் அடங்கும் பேட்டரி ஒரு நாள்தான் தாங்கும் என்பதால், தினமும் சார்ஜில் போடச் சொல்லியிருந்தோம். மூன்றாம் நாளே மறந்துபோனார். எலெக்ட்ரானிக்ஸ்காரர் பயந்தது அப்படியே நடந்தது.

ஆக, இரண்டு பேர் சொன்னதும் சரி. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேச்சே மாறியது. எடையா, பேட்டரியா என்று கேட்பதை விட்டுவிட்டு, கழுத்திலிருந்து கழற்றவே தேவையில்லாமல் எப்படிச் செய்வது என்று கேட்க ஆரம்பித்தோம். கருவி கழுத்திலேயே இருக்கட்டும், பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது. முதல் நாள் சமாதானத்தில் நின்றிருந்தால் அது வந்திருக்காது. காலையில் மகளோ, உதவிக்கு வருபவரோ பழையதை உருவிப் புதியதைச் செருகினால் போதும்.

தேதி கேட்ட நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் திறந்தே வைத்திருந்தால் பொருள் வெளியே வராது, அவர் அவசரம் நியாயமானது. அதனால் ஒவ்வொரு கேள்வியையும், இதை எப்போதுவரை மாற்ற முடியும் என்று வைத்துப் பிரித்தோம். கருவியின் வெளிக்கூட்டை வார்க்கும் அச்சான மோல்டுக்கு எஃகை வெட்டிவிட்டால் வெளி வடிவத்தைத் தொடுவது பெரும் செலவு. சாஃப்ட்வேரில் எச்சரிக்கை ஒலியைப் பிறகும் மாற்றலாம். வசதிகளின் முழுப் பட்டியலுக்குப் பதில், மோல்டு முடிவாகும் நாளை அவருக்கு எழுதிக் கொடுத்தோம். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

இப்போது புதுச் சண்டை என் மேஜைக்கே வந்திருக்கிறது. பேட்டரி கழன்று வந்தால் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கிறது, குளிக்கும்போதும் இதைக் கழற்றக் கூடாது. கருவியைத் தனியாக, பேட்டரியைத் தனியாக முழுக்க சீல் செய்து, இடையில் தங்க முலாம் பூசிய இரண்டு தொடுபுள்ளிகளை மட்டும் வெளியே விடலாம் என்கிறேன். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் அவை அரித்துப்போகும் என்கிறார் எலெக்ட்ரானிக்ஸ்காரர். இந்த முறை யாரும் நடுவில் நின்று பேரம் பேசவில்லை. அவர் சொல்வதற்கு ஒன்று, நான் சொல்வதற்கு ஒன்று என இரண்டு மாதிரிகள் நேற்றிலிருந்து சோப்புத் தண்ணீரில் ஊறுகின்றன.