புன்டா கானாவில் நானும் அவரும் மட்டும்

எங்கள் பக்கத்தில் புருசன் பொண்டாட்டி இரண்டு பேர் மட்டும் ஓர் ஊருக்குப் போய்த் தங்கிவிட்டு வருவது கல்யாணமான புதிதில் நடந்தால் உண்டு. அப்புறம் குற்றாலம் என்றால் வேன் பிடித்து மதினி வீடு, கொழுந்தன் வீடு, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு கூட்டம். திருச்செந்தூர் என்றால் அதைவிடப் பெரிய கூட்டம், அத்தனை பேருக்கும் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்ட விடியுமுன்னே எழுந்து அடுப்பு பற்றவைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயணங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் எதிலும் நானும் அவரும் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசியதாக ஞாபகம் இல்லை.

நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள்தான், "அம்மா, நீங்களும் அப்பாவும் மட்டும் போயிட்டு வாங்க, நாங்க வரல" என்று கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கன் குடியரசில் புன்டா கானாவில் ஒரு ரிசார்ட்டில் இடம் போட்டாள். ஆல் இன்க்ளூசிவ், நடுத்தர விலை. பாளையங்கோட்டை திரும்பியதிலிருந்து கோயிலில், காய்கறிக் கடையில், கல்யாண வீட்டில், யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அமெரிக்காவில்தானே இருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் காகித விசயம். இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்கு டொமினிக்கன் குடியரசு தனி விசா கேட்பதில்லை. இ-டிக்கெட் என்று இணையத்தில் ஒரு படிவம், நிரப்பினால் கியூஆர் கோடு வரும், அரசாங்கத் தளத்தில் அதற்குக் காசு கிடையாது. கவனிக்க வேண்டியது திரும்பி வரும்போதுதான். உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். வெளியே போய் வந்தால் அமெரிக்காவில் தங்கும் காலம் முதலிலிருந்து புதிதாகக் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், அது நுழைவில் இருக்கும் அதிகாரியின் முடிவு. அமெரிக்காவுக்கு என்று எடுத்த மருத்துவக் காப்பீடு டொமினிக்கன் குடியரசில் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூவார்க்கிலிருந்து விமானம் ஏறினால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். இறங்கியதும் அவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். விமான நிலையத்துக்கு ஓலைக்கூரை! கானா என்று அந்த ஊர்ப் பனை, ஓலை நம் பனை ஓலையைப் போலவே விசிறியாக விரிந்தது, அதை அடுக்கடுக்காக வேய்ந்திருக்கிறார்கள். உடன்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அதைவிட்டு நகர மனசு வரவில்லை. பெட்டி வந்துவிட்டது என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

ஆல் இன்க்ளூசிவ் என்றால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் காபி, நொறுக்கு, குடிக்கிறவர்களுக்குக் குடி, நீச்சல்குளம், கடற்கரையில் நாற்காலி, ராத்திரி ஆட்டம்பாட்டம் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே பணம் கட்டிவிடுவது. உள்ளே நுழையும்போது கையில் ஒரு பட்டை மாட்டுவார்கள், ஊருக்குக் கிளம்பும்வரை அதைக் கழற்ற முடியாது. கரீபியனில் இதை ஜோடிகளுக்கென்றே பெரிய தொழிலாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் ஜமைக்காவின் புட்ச் ஸ்டூவர்ட், 1981ல் மான்டிகோ பேயில் சாண்டல்ஸ் என்ற ரிசார்ட்டைத் தொடங்கியவர். நாங்கள் தங்கியது அந்த வகை அல்ல, குழந்தைகள் ஓடித் திரியும் சாதாரண இடம், எனக்கு அதுவே சரி. மகள் தேடியபோது இந்தத் தரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 200 முதல் 350 டாலர் வரை காட்டியது. சில தளங்களில் ஓர் ஆளுக்கான விலையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டீ குடித்தாலும் டைரியில் எழுதுகிறவர். முதல் நாள் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏளா, இதுக்கும் காசு கேக்க மாட்டானா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்க மாட்டான் என்றேன். இன்னொரு காபி குடித்தார். அப்புறம் அந்த டைரியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. எனக்கும் அப்படித்தான், நாளைக்கு என்ன குழம்பு வைக்க என்று படுக்கும்போது தானாக வரும் அந்த யோசனை, அது எங்கே போனது என்றே தெரியவில்லை. இதற்காகத்தான் நம் மாதிரி ஆட்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். தனியாக ஓட்டல் எடுத்து ஒவ்வொரு வேளையும் எங்கே சாப்பிட, எவ்வளவு ஆகும், ஸ்பானிஷில் எப்படிக் கேட்க என்று திரிந்தால் போன இடத்திலும் வீட்டுப் பொறுப்பு கூடவே வந்துவிடும்.

கடலைச் சொல்லாமல் முடியாது. எங்களுடையது புன்டா கானாவில் பவாரோ என்ற இடத்துப் பக்கத்துக் கரை. கரைக்கு வெகு தூரத்தில் பவளப்பாறை இருக்கிறது, அலை எல்லாம் அங்கேயே உடைந்து அந்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். கரைக்கு வரும் தண்ணீர் அமைதியாக வரும். திருச்செந்தூரில் அலை வந்து காலை இழுக்கும்போது நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு முங்குகிறவள். இங்கே நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு பேரும் சும்மா நின்றோம். கால்விரல் நகம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. மணல் வெள்ளை, பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள் வெளியேற்றுவது அதில் பெரும் பங்கு என்கிறார்கள், உச்சி வெயிலிலும் நம் தேரி மணல் போலக் காலைச் சுடாது. நின்றுகொண்டே பேசினோம். அவருடைய அம்மாவைப் பற்றி, ஒருகாலத்தில் வாங்காமல் விட்ட மகாராஜநகர் மனையைப் பற்றி, மகளைப் பற்றி, எனக்கு உடம்புக்கு முடியாமல் போன அந்த வருசம் அவர் பயந்ததைப் பற்றி. அவர் பயந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாங்கள் கரை ஏறவில்லை.

வடக்கே மக்காவ், ஊவெரோ ஆல்ட்டோ பக்கம் அலை முரட்டுத்தனமாக இருக்கும், வயசானவர்கள் பவாரோ பக்கமே பாருங்கள். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் எந்தக் கரையானாலும் இறங்காதீர்கள். குளத்தில் பருத்திச் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள், முழுக்கை நீச்சல் உடை அமெரிக்காவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சம் அரைமணி நேரத்தில் போய்விடும்.

சாப்பாடு. நான் சைவம், அவர் மீன் சாப்பிடுவார். சோறும் பயறும் ஒவ்வொரு வேளையும் உண்டு, ஆனால் பயற்றை இறைச்சி போட்டும் வேகவைப்பார்கள், கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 'சின் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம், கோழியைச் சிலர் அதில் சேர்ப்பதில்லை, அதனால் 'சின் போயோ' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் மங்கு என்று ஒன்று வைப்பார்கள். வாழைக்காயை வேகவைத்து மசித்து, மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம். சொதிக்கும் அவியலுக்கும் பழகிய என் நாக்குக்கு அது உடனே பிடித்துவிட்டது.

இன்னொன்று தோஸ்தோனே. ஒரு அம்மா கண்ணெதிரே போட்டுத் தருவாள். வாழைக்காயைப் பெருவிரல் கனத்துக்கு வெட்டி அரை வேக்காடாகப் பொரித்து எடுத்து, இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவில் வைத்து ஒரே அமுக்கு, தட்டையானதும் மறுபடி எண்ணெயில் போட்டு மொறுமொறுவென்று எடுத்து உப்புத் தூவுவாள். நான் தினமும் போய் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் பலகையை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். பாசை தெரியாமலே இரண்டு பேரும் அவ்வளவு சிரித்தோம். இங்கே வந்து களக்காட்டு ஏத்தங்காயில் செய்து பார்த்தேன், நன்றாக வருகிறது. மொந்தன் காய் சரிப்படாது, உதிர்ந்துவிடுகிறது. மரச்சீனிக் கிழங்கில் சுடும் காசாபே என்ற காய்ந்த ரொட்டியும் கேட்டு வாங்கித் தின்னுங்கள், கொலம்பஸ் வருமுன்பே அந்தத் தீவு மக்கள் சுட்டுத் தின்றது, 2024ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நான் ஒரு டப்பா பருப்புப்பொடி கொண்டுபோயிருந்தேன், அது பெரிய ஆதரவு.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் அறையில் ஈரவாடை, இரண்டு முறை சொன்ன பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். மேசைக்குப் பரிமாறும் உணவகங்களுக்கு முன்பதிவு வேண்டும், வந்த அன்றே போட்டுவிடாவிட்டால் கிடைப்பது கஷ்டம், அங்கே ஆண்களுக்கு முழுக்கால் பேண்டும் மூடிய செருப்பும் கேட்பார்கள். வந்த மறுநாள் சிரித்த முகமாக ஒருவர், காலைச் சாப்பாட்டோடு ஒரு சின்னச் சந்திப்பு, பரிசு உண்டு என்று கூப்பிட்டார். அது வருசாவருசம் தங்குவதற்கு உறுப்பினர் சந்தா விற்கும் இடம். முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உள்ளே போய் உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும்.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மனசாரக் கொடுங்கள். ஒரு டாலர் நோட்டுகளாக நிறையக் கொண்டுபோங்கள். நம் அறையைக் கூட்டிப் பெருக்கித் துண்டை அன்னமாக மடித்து வைத்துவிட்டுப் போகும் பெண்ணுக்குத் தினமும் இரண்டு டாலர் வைப்பது நமக்குப் பெரிதில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், பாட்டில் தண்ணீர் தருவார்கள்.

ஒரு நாளாவது ரிசார்ட்டை விட்டு வெளியே வாருங்கள். ஈகுவே என்ற ஊரில் அல்தகிராசியா மாதா பேராலயம் இருக்கிறது, சனவரி 21 திருநாளுக்கு நாடு முழுவதிலுமிருந்து சனம் வருமாம். நாங்கள் போனபோது ஒரு கிழவி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். உவரியிலும் வேளாங்கண்ணியிலும் பார்த்த அதே நம்பிக்கை.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவுக்கு இடம் போடும்போது மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதிகம். மார்ச், ஏப்ரல் தொடங்கிக் கோடை முழுக்க சர்காசம் என்ற கடல்பாசி கரையில் குவியலாம், 2011லிருந்து இந்தத் தொல்லை கூடியிருக்கிறது, அழுகினால் கூமுட்டை நாற்றம். விடிகாலையில் ஆட்கள் வாரிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் போகும் வாரத்தில் எடுத்த கரைப் படங்களைத் தேடிப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், விலை கூடும், பரவாயில்லை, கொடுங்கள். படியேறாமல் போகும் தரைத்தள அறை, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கமாகக் கேளுங்கள். அப்புறம், துணைக்கு என்று யாரையும் கூட அனுப்பாதீர்கள்.